கருவாட்டு வாசத்தைப் படம் பிடிப்பது எப்படி

போன வருடம் பிப்ரவரியில் எங்கள் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) வகுப்பில் ஒரு அசைன்மென்ட் கொடுத்தார்கள். மூன்று நிமிடப் படம். வசனம் கூடாது, பின்னணிக் குரல் கூடாது, திரையில் எழுத்தும் கூடாது. தெரிந்த ஒருவர் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்வதைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு யோசிக்கவே வேலை இல்லை. கடலூர் முதுநகரில் எங்கள் ஆயா எனக்கு நினைவு தெரிந்த நாளாகக் கருவாடு போடுகிறது. (எங்கள் வீட்டில் ஆயாவை 'அது' என்றுதான் சொல்வோம். மரியாதைக் குறைவில்லை, பழக்கம்.)

இரண்டு நாளில் எடுத்து முடித்தேன். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சூரியன் எழும்புவது, துறைமுகத்தில் படகு வரிசை, கொடி பறப்பது, ஆயாவின் முகச் சுருக்கம், ஸ்லோ மோஷனில் உப்பு விழுவது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புல்லாங்குழல். வகுப்பில் போட்டுக் காட்டினேன். விளக்கு எரிந்ததும் சார் சொன்னார்: “அழகா இருக்கும்மா. ஆனா கருவாட்டுப் படத்துல கருவாட்டு வாசம் வரலையே.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் கடலூர் பஸ் அரியாங்குப்பம் தாண்டும்போதுதான் சுருக்கென்றது.

அப்புறம் அதே மூன்று நிமிடத்தை ஆறு வாரம் மறுபடி மறுபடி எடுத்தேன். அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன். கையில் ஒரு போன், வீட்டில் மூச்சு வாங்கும் ஒரு லேப்டாப், கேட்டால் முகம் சுளிக்காத ஒரு ஆயா, இவ்வளவு இருந்தால் போதும்.

முதலில் வெட்டப் பழகுங்கள்

படம் எடுக்க ஆசை வந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி, என்ன கேமரா வாங்கலாம் என்பது. நானும் கேட்டேன். என் பதில் இப்போது வேறு: கேமராவை விடுங்கள், முதலில் எடிட்டிங் பழகுங்கள். எடுக்கும்போது என்னவெல்லாம் விட்டுப்போனது என்று எடிட் செய்ய உட்கார்ந்தால்தான் தெரியும். இரண்டு தடவை அப்படி உட்கார்ந்து அழுதால், மூன்றாம் தடவை போனைத் தூக்கும்போதே கை சரியாகப் போகும்.

அதற்கு இரண்டு பயிற்சிகள் உண்டு. இரண்டுமே சினிமா வரலாற்றிலிருந்து எடுத்தவை.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் டிக்கெட் விற்றுப் பத்துப் படங்கள் காட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அவர்கள் கேமராவில் ஏறியது சுமார் 17 மீட்டர் பிலிம்தான், அது 50 நொடி போலத்தான் ஓடும். ஒரே ஷாட், அசையாத கேமரா. நீங்களும் போனைச் சுவரில் சாய்த்து வைத்து 50 நொடி எடுத்துப் பாருங்கள். நடுவில் தொடக்கூடாது. நான் முதலில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே எடுத்தேன். மனிதர்கள் போனார்கள், மனிதர்கள் வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்ததாக எங்கள் தெருக் குழாயடியில் எடுத்தேன். பாதி நிரம்பிய குடத்தில் ஆரம்பித்தேன். தண்ணீர் ஏறுகிறது, பக்கத்து வீட்டு அக்கா வேறெங்கோ பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார், குடம் வழிகிறது, அவர் பதறித் திரும்பிக் குடத்தை மாற்றுகிறார். 50 நொடிக்குள் ஒரு கதை. ஷாட்டை எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது என்பதை அந்தக் குடம்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

இரண்டாவது, ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் நூறு வருடத்துக்கு முன்பு செய்த சோதனை. ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒரு தட்டு சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்களுக்கு முகத்தில் முறையே பசியும் துக்கமும் ஆசையும் தெரிந்தது. முகம் என்னவோ ஒன்றேதான். நான் என் அண்ணனை வெறும் சுவரைப் பத்து நொடி பார்க்கச் சொல்லி எடுத்து, அடுத்து வறுத்த வஞ்சிரத்தை ஒட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, “பாவம், புள்ளைக்கு என்னா பசி!” என்றார். அதே முகத்துக்குப் பின்னால் கரன்ட் பில்லை ஒட்டியபோது, “இதுக்கு ஏன் இவன் கவலைப்படறான்?”

இந்தச் சோதனை செய்துகொண்டிருந்த ராத்திரிதான் எனக்கு வழி பிடிபட்டது. மூன்று நிமிடமும் நான் மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீனைக் காட்டினால் மீன்தான் தெரியும். வாசம் தெரிய வேண்டுமென்றால் அதை முகர்கிறவர்களைக் காட்ட வேண்டும்.

வாசம் யாரிடம் இருக்கிறது

அதனால் போனை வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க ஆயாவோடு சும்மா இருந்தேன். இதை எல்லோருக்கும் சொல்வேன், முதல் நாள் போனை எடுக்கவே எடுக்காதீர்கள். நோட்டில் ஒரே ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொண்டேன்: கருவாடு இருப்பது யாருக்கெல்லாம் தெரிகிறது? பூனைக்குத் தெரிகிறது, சுவர் மேல் உட்கார்ந்து கண்ணை மூடியபடியே மூக்கை மட்டும் ஆட்டுகிறது. காக்காய்க்குத் தெரிகிறது. ஈக்குத் தெரிகிறது. டவுன் பஸ்ஸில் கூடையோடு திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுக்குப் போனால் முன் சீட்டுக்காரர்களுக்குத் தெரிகிறது. கடைசியாக ஆயாவுக்கே தெரிகிறது. வேலை முடிந்து பஸ் ஏறும் முன் ஒரு உருண்டைப் புளியை எடுத்து விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவி, கையை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி தேய்க்கிறது.

அந்தப் புளியை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். முதல் படத்தில் அது இல்லவே இல்லை. சூரியன் இருந்தது.

பஸ் காட்சியில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. முகம் சுளிக்கும் பயணியை அவருக்குத் தெரியாமல் எடுப்பது அவருக்கும் அவமானம், ஆயாவுக்கும் அவமானம். அதனால் என் தோழியை உட்கார வைத்து அவள் கையை மட்டும் எடுத்தேன். மடியில் கூடையோடு ஆயா, முன் சீட்டில் வளையல் போட்ட ஒரு கை, அது ஜன்னல் கண்ணாடியை மெல்லத் தள்ளித் திறக்கிறது. முகமே இல்லை. இப்படி நடிக்க வைத்து எடுப்பது சரியா என்று வகுப்பில் இன்னமும் சண்டை நடக்கிறது. ஆயாவிடம் கேட்டேன். “அந்தப் பொண்ணு ஜன்னலத் தொறந்தா எனக்குந்தான காத்து வரும்?” என்றது.

இப்படிப் பட்டியல் போட்ட பிறகுதான் ஷாட் எழுத வேண்டும். ஒரு செயலுக்கு ஐந்து துண்டு எடுத்துவிடுங்கள்: கை நெருக்கத்தில், முகம் நெருக்கத்தில், இடம் முழுதும் தெரியும்படி, தோளுக்குப் பின்னாலிருந்து, அப்புறம் உங்களுக்கே தோன்றும் ஒன்று. ஐந்தும் இருந்தால் எடிட்டில் எங்கேயும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். ஒவ்வொன்றையும் மனதுக்குள் பத்து எண்ணும்வரை பிடித்திருங்கள். என் முதல் நாள் ஷாட்டுகளில் பாதி, மூன்று நொடியில் முடிந்துவிட்டன. நான் எண்ணியதே இல்லை. கை உள்ளே வரும் முன்பே ரெக்கார்ட் ஆரம்பித்து, கை வெளியே போன பிறகு நிறுத்துங்கள்.

இன்னொன்று, பக்கம் மாறாதீர்கள். ஆயா இடது பக்கத் தொட்டியிலிருந்து மீனை எடுத்து வலது பக்கக் கூடையில் போடுகிறது. நான் முகத்துக்காக எதிர்ப்பக்கம் தாண்டிப் போய் எடுத்தேன். சேர்த்துப் பார்த்தால் போட்ட மீனையெல்லாம் திரும்ப எடுத்துத் தொட்டியில் போடுகிற மாதிரி இருந்தது. ஆயாவுக்கும் கூடைக்கும் நடுவே தரையில் ஒரு கோடு கிழித்ததாக நினைத்துக்கொண்டு, கேமராவை அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் வைத்திருந்தால் இந்தக் கோளாறு வராது.

போனில் செய்ய வேண்டியவை

நம் ஊர்க் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. போன் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனித்தனிப் படம் என்று எடுக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கொட்டகைக்குள் எடுத்த ஷாட் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். எனக்கு ஒரு முழு ராத்திரி ஷூட்டிங் அப்படிப் போனது. ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழ வேண்டும் என்பதை) கையால் மாற்ற முடிகிற ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு, 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வையுங்கள். 25 கிடைக்காத போனில் 30-லேயே இருக்கட்டும், ஷட்டரை மட்டும் 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பட்டை பெரும்பாலும் போய்விடும்.

எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ் (எது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றும் தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள். பூட்டாமல் எடுத்தபோது ஆயாவின் சிவப்புப் புடவை ஃபிரேமுக்குள் வந்த நிமிடமே வெள்ளி மாதிரி இருந்த நெத்திலி நீலமாகிவிட்டது. ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நல்ல ஷாட்டின் நடுவில் லோன் வேண்டுமா என்று ஒரு அழைப்பு வந்தது. கடலோரம் என்றால் லென்ஸில் உப்புப் படலம் ஏறிக்கொண்டே இருக்கும், அதை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். லேசாக ஈரமான துணியால் ஒற்றியெடுத்த பிறகு துடையுங்கள்.

வெளிச்சத்தில்தான் பெரிய வம்பு. கருவாட்டுக்கு உச்சி வெயில் வேண்டும், படத்துக்கு அது ஆகவே ஆகாது. கண் குழிக்குள் நிழல் விழுந்து முகம் மண்டை ஓடு மாதிரி இருக்கும். கடைசியில் ஆயாவின் நாளையே பிரித்துக்கொண்டேன். காலை ஆறேகாலுக்கு மேல் வலை விரித்து மீனைப் பரப்பும் வேலை, சாயங்காலம் அள்ளும் வேலை, இரண்டிலும் முகம் எடுத்தேன். மதியம் மனித முகத்தையே தொடவில்லை. மீனின் நிழல், காக்காய் நிழல், சுவர் நிழலில் சுருண்ட பூனை, இதெல்லாம் உச்சி வெயிலில்தான் நன்றாக விழும். அந்த வெளிச்சத்தில் 1/50 வைத்தால் எல்லாம் வெளுத்துவிடும். அதற்கென்று என்டி ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடி விற்கிறார்கள். நான் மாமாவின் கூலிங் கிளாஸைப் பிடித்துப் பார்த்தேன். வேலை செய்தது, ஆனால் உலகம் பச்சையாகிவிட்டது. வெயிலில் டியூப் லைட் இல்லையே, ஷட்டரை ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காக்காய் இறக்கை கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரிகிறது. பரவாயில்லை.

நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மீன் காயாது. எனக்குக் கிடைத்தது மார்ச்சும் பாதி ஏப்ரலும்தான்.

ஈயின் சத்தம்

இந்தப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. வாசத்துக்கு மிக அருகில் இருப்பது சத்தம் என்பது என் எண்ணம். இரண்டுமே நாம் திரும்பிப் பார்க்காமலே வந்து சேர்ந்துவிடும்.

படம் எடுக்கும் போனின் மைக்கை நம்பாதீர்கள். அது தூரத்தில் இருக்கிறது, காற்றை மட்டும் பிடிக்கும். இன்னொரு போனைக் கடன் வாங்கி, மைக் ஓட்டையின் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்சை வைத்துக் கைக்குட்டையால் சுற்றி, கூடைக்கு உள்ளேயே வைத்துவிடுங்கள். கல் உப்பு மீன் மேல் விழும் சத்தம், கத்தி மரப்பலகையில் இறங்கும் சத்தம், ஈரச் சாக்கை உதறும் சத்தம் என்று தனித்தனியாக எடுத்தேன். நன்றாகக் காய்ந்த நெத்திலியை ஒடித்தால் சின்னதாக ஒரு ‘டிக்’ வரும். காய்ந்துவிட்டதா என்று ஆயா பார்ப்பதே அப்படி ஒடித்துத்தான். அதை ராத்திரி விளக்கணைத்த பிறகு, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி, இருபது தடவை ஒடித்து எடுத்தேன். “என்னா பாப்பா, ஒரே மீன எத்தினி தடவ ஒடிப்ப?” என்று இருட்டிலிருந்து ஆயா கேட்பதும் அதில் பதிவாகியிருக்கிறது.

ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் 30 நொடி சும்மாயிருக்கும் சத்தத்தையும் எடுத்து வையுங்கள். சத்தத்தில் வெட்டு விழும் இடங்களை அடைக்க அதுதான் மாவு.

ஈக்கு வருவோம். உப்புத் தொட்டியின் ஓரத்தில் போனை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். நான்கு நிமிடம் கழித்து ஒரு ஈ மைக் மேலேயே வந்து உட்கார்ந்து போனது. அந்த ரீங்காரத்தை, வீட்டு வாசலில் கோலம் போடும் ஷாட்டின் கடைசியில், படம் மாறுவதற்கு 12 ஃபிரேம் முன்பே வைத்தேன். அரை நொடி. கண் கோலத்தில் இருக்கும்போதே காது தொட்டிக்குப் போய்விடுகிறது, அப்புறம்தான் மீன் வருகிறது. ஜே கட் என்பார்கள். முதலில் 25 ஃபிரேம் முன்னால் வைத்துப் பார்த்தேன், கோலத்தில் ஈ மொய்க்கிற மாதிரி ஆகிவிட்டது. 6 வைத்தால் யாருக்கும் தெரியவில்லை. 12-ல் நின்றது.

வெட்டும் மேசை

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே நமக்கு ஏகப்பட்டது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முதல் கிளிப்பை உள்ளே போடும் முன், ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனின் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை) சரியாக வைக்க வேண்டும், அப்புறம் மாற்ற விடாது. லேப்டாப் திணறினால் ப்ராக்ஸி உண்டாக்கிக்கொள்ளுங்கள், அதாவது வேலைக்கு மட்டும் சின்ன அளவு நகல்.

போன் வீடியோவில் ஒரு மறைமுகத் தொல்லை உண்டு. 30 என்று சொல்லிவிட்டு 29, 30, 28 என்று இஷ்டத்துக்கு எடுத்திருக்கும். நீளமான ஷாட்டில் கத்தி பலகையைத் தொட்ட பிறகு சத்தம் வந்தது. இரண்டு நாள் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி மாய்ந்தேன். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றியதும் சரியாகிவிட்டது. எடுத்த வேகம் எதுவோ அதையே கொடுங்கள். முக்கியமாக, எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் வையுங்கள். ஏன் என்று என் பழைய பென் டிரைவைக் கேளுங்கள்.

மொத்தம் 41 நிமிடம் இருந்தது. ஷாட்டுக்கு ஒரு காகிதத் துண்டு என்று எழுதித் திண்ணையில் பரப்பினேன். கம்ப்யூட்டரில் வரிசை மாற்றுவதைவிடத் தரையில் மாற்றுவது வேகம், மனசாட்சிக்கும் கஷ்டமில்லை. முதல் வெட்டு ஒன்பது நிமிடம். அப்புறம் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேட்டேன். சத்தமில்லாமல் புரியாத இடம் ஐந்து இருந்தது. கண்ணை மூடியபோது வெறும் சத்தமாகவே நன்றாக இருந்த இடம் இரண்டு. அங்கே படத்தைக் குறைத்தேன். ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அசைவின் நடுவில் வெட்டினேன்: ஆயா கையைத் தூக்கும்போது வெட்டி, அடுத்ததில் அந்தக் கை இறங்குவதில் சேர்த்தால் ஒட்டு தெரியாது.

சூரிய உதயத்தை வெட்டி நீக்க மட்டும் மனசு வரவில்லை. நான்கரை மணிக்கு எழுந்து தேவனாம்பட்டினம் போய் எடுத்தது. ஒரு வாரம் டைம்லைனில் அங்கேயும் இங்கேயும் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் கதை அங்கே நின்று, சூரியன் போகும்வரை காத்திருந்தது. நீக்கினேன். புல்லாங்குழலும் போனது. மிஞ்சிய நேரத்தில் புளிக்கு 22 நொடி கொடுத்தேன், மூன்று நிமிடப் படத்தில் அது அநியாய நீளம். நகக்கண், விரலிடுக்கு, தண்ணீர், முகர்வது, மறுபடி புளி. வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் மறுபடி வகுப்பில் போட்டேன். புளி ஷாட்டில் முன் வரிசையில் இருந்த ஒருத்தி தன் விரலை மூக்கருகே கொண்டுபோய்விட்டுக் கீழே இறக்கினாள். அவள் காலையில் கேன்டீனில் புரோட்டா தின்றிருக்கலாம், எனக்குத் தெரியாது. சார் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு தடவை போடச் சொன்னார்.

ஆயாவுக்கு அன்று ராத்திரி போனில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் பார்த்தது. பஸ் காட்சியில் சிரித்தது. கடைசியில் மீன் அள்ளும் இடத்தில் கையை நீட்டி நிறுத்தச் சொன்னது. “இந்த நெத்திலி இன்னும் காயவே இல்ல. நீ வெளிச்சம் போவுது, போவுதுன்னு அவசரப்படுத்துனியே, அன்னிக்கி அள்ளுனது. இது எப்படி டிக்குன்னு ஒடியும்?”

பார்த்தேன். ஈர மீன் மேல் ராத்திரி ஒடித்த காய்ந்த மீனின் சத்தத்தை வைத்திருக்கிறேன். வகுப்பில் நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரமே தடைக்காலம் வந்துவிட்டது, அதற்கப்புறம் மழை. இந்த மாதம் நெத்திலி வரத்து நன்றாக இருக்கிறது. அந்த ஒரு ஷாட்டை மட்டும் மறுபடி எடுக்க வேண்டும். எப்போது அள்ளலாம் என்று இந்தத் தடவை ஆயாதான் சொல்லும்.